கோடையில் நாய்க்கு எது குளிர்ச்சி: ஜாக்கெட்டா, ஜெல் பாயா, நாடாக் கட்டிலா?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் கரிசல் காட்டில் தோட்டம் இருக்கிறது. ஆட்டுக்கிடைக் காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை நாயும், தோட்ட வீட்டில் 32 கிலோ எடையுள்ள லேப்ரடாரும் வளர்க்கிறேன். கத்திரி வெயிலில் லேப்ரடார் மதியம் முழுக்க நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறது. ஆன்லைனில் குளிர்ச்சி ஜாக்கெட், ஜெல் பாய் என்று விற்கிறார்கள். எதை வாங்கலாம்? முடியை மழித்துவிடச் சொல்கிறார்களே, செய்யலாமா?

பதில்: ஜெல் பாய் உங்களுக்கு வேண்டாம். ஜாக்கெட் லேப்ரடாருக்கு மட்டும், அதுவும் நடத்திக் கூட்டிப்போகும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் உதவும். மதியம் படுத்துக் கிடக்கும் நேரத்துக்கு நாடாக் கட்டிலும் ஈரத் தரையும்தான் சரி.

நாய்க்கு உள்ளங்கால் மெத்தையில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி இரைத்து, நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்குகிறது. காய்ந்த முடிமேல் ஃபேன் சுற்றினால் பெரிய பலன் தெரியாததற்குக் காரணம் இதுதான். அடிவயிற்றையும் தொடையிடுக்கையும் நனைத்துவிட்டு அதே ஃபேனைப் போட்டுப் பாருங்கள், இரைப்பு மெல்ல அடங்கும்.

குளிர்ச்சி ஜாக்கெட் என்பது தண்ணீரில் நனைத்து மாட்டுவது, அதுவும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. உங்கள் ஊரில் சித்திரை மதியக் காற்று உலர்ந்தது, அதனால் பலன் உண்டு. தூத்துக்குடிக் கடலோரத்திலோ சென்னைப் புழுக்கத்திலோ அதே ஜாக்கெட்டில் ஈரம் சரியாக ஆவியாகாது, வெந்நீர்த் துணியைப் போர்த்தியதுபோல் ஆகிவிடும். வாங்கும்போது வெளிர் நிறமாக, நெஞ்சையும் அடிவயிற்றையும் மூடுவதாகப் பாருங்கள். முதுகில் மட்டும் கிடக்கும் வகை லேப்ரடாரின் அடர்ந்த உள்முடியைத் தாண்டித் தோலைத் தொடாது. எடையை வைத்து அளவு சொல்வதை நம்ப வேண்டாம். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, கழுத்துச் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், இந்த மூன்றையும் டேப் வைத்து எடுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள். வாரைப் பூட்டிய பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். தண்ணீரில் ஊறிப் பெருத்துவிடும் மணிகள் வைத்துத் தைத்த ஜாக்கெட் வேண்டாம். கிழிந்தால் மணிகளை நாய் விழுங்கிவிடும்.

வாளித் தண்ணீரில் 2, 3 நிமிடம் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து மாட்டுங்கள். நல்ல காற்றடித்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே காய்ந்துவிடும். காய்ந்த ஜாக்கெட் கம்பளிக்குச் சமம். அதனால் அவ்வப்போது உள்பக்கம் கைவிட்டுப் பாருங்கள், சூடு தட்டினால் கழற்றி மறுபடி நனைக்க வேண்டும். நாள் முழுக்க ஈரத்தோடு விட்டால் அக்குளில் தோல் வெந்து புண்ணாகும், ஈ மொய்க்கும்.

ஜெல் பாய் தானாகக் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, உடம்புச் சூட்டைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். 38 டிகிரி அடிக்கும் வீட்டில் பாயும் 38 டிகிரியில்தான் கிடக்கும். ஏ.சி. அறைக்கு வேண்டுமானால் ஆகும், ஆனால் அங்கே டைல்ஸ் தரையே போதுமே! போதாக்குறைக்கு, லேப்ரடார் கடித்துக் குதறும்.

கட்டிலை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஒரு அங்குல ஜி.ஐ. குழாயில் மூன்றரைக்கு இரண்டரை அடி சட்டம், கால் உயரம் ஒரு அடி. மேலே நைலான் நாடா பின்னலாம், அல்லது நிழல்வலையை இரண்டாக மடித்து இழுத்துக் கட்டலாம். முடிச்சுகளை அடிப்பக்கம் போடுங்கள். மேலே இருந்தால் கடித்துப் பிரித்துவிடும். வேப்பமர நிழலிலோ, நான்கு பக்கமும் திறந்த கீற்றுக் கொட்டகையிலோ போட்டு, 11 மணிக்கும் 2 மணிக்கும் கட்டிலுக்கு அடியில் தண்ணீர் தெளியுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும், சுவரை ஒட்டிப் போடக் கூடாது. தகரக் கொட்டகையாக இருந்தால் கூரைமேல் கீற்றைப் பரப்பிவிடுங்கள். ஈரச் சாக்கு விரித்தால் தினமும் உதறி வெயிலில் காயப்போட வேண்டும், இல்லையென்றால் உண்ணி அண்டும்.

சங்கிலியில் கட்டுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. காலையில் நிழலில் கட்டிய நாய்மேல் 12 மணிக்கு வெயில் விழும், நிழலோடு நகர அதனால் முடியாது. கட்டத்தான் வேண்டுமென்றால், நிழல் விழும் பக்கமெல்லாம் போய்வரும்படி இரண்டு கம்பங்களுக்கு இடையே கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலியை மாட்டுங்கள்.

சிப்பிப்பாறைக்கு எந்தச் சாமானும் வேண்டாம். மெலிந்த உடம்பு, ஒட்டிய குட்டை முடி. மர நிழலில் அது பறித்துப் படுக்கும் குழியை மூடாமல், லேசாக ஈரப்படுத்திவிடுங்கள். லேப்ரடாரை மழிக்க வேண்டாம். மேல்முடி வெயில் தோலில் நேராக இறங்காமல் காக்கிறது. உதிரும் உள்முடியை மட்டும் வாரத்துக்கு இரண்டு தடவை சீவி எடுங்கள். சாதாரண நாளில் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தண்ணீர் கணக்கு, கோடையில் இரட்டிப்பு. 32 கிலோவுக்கு மூன்றரை லிட்டர்போல, மண் தொட்டியில் இரண்டு இடத்தில் வையுங்கள். அலுமினியச் சட்டி சுட்டுவிடும்.

வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். 105-ஐத் தாண்டி, நாக்கு கருஞ்சிவப்பாகி, கெட்டி எச்சில் ஒழுகி, கால் தள்ளாடினால் வெப்பத்தாக்கு. முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், டாக்டரிடம் ஓடுவது அதன் பிறகு. வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கொதிநீர், அதை வெளியே விட்டுவிட்டு வயிறு, அக்குள், தொடையிடுக்கு என்று ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், சூட்டை உள்ளே அடைத்துவிடும். வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது. 103-க்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து வண்டியில் கொண்டுபோங்கள். எழுந்து நடந்தாலும் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இரத்தம் உறையாத கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்கு இறங்காது, ஈரல்தான் கெடும்.