தசை ஸ்கேன் இருக்கும்போது ஊசிப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. சில மாதங்களாக வலது கை மெலிந்துகொண்டே வருகிறது. தோளிலும் தொடையிலும் தசை தானாகத் துடிக்கிறது. நரம்பியல் மருத்துவர் இ.எம்.ஜி.யோடு (தசையில் ஊசி செருகி அதன் மின் செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை) தசைகளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எழுதித் தந்திருக்கிறார். ஊசி என்றாலே அவருக்குப் பயம். ஸ்கேன் மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. ஆனால் ஸ்கேனை முதலில் எடுப்பது நல்லது. எந்தத் தசையில் ஊசி வைத்தால் விடை கிடைக்கும் என்று அது காட்டிக்கொடுக்கும். வீணாகக் குத்துவது குறையும்.

நல்ல தசை திரையில் கறுப்பாகத் தெரியும். குறுக்குவாக்கில் பார்த்தால் அந்தக் கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அடியில் எலும்பின் விளிம்பு பளிச்சென்று ஒரு கோடாக ஓடும். தசை இழைகள் அழிந்து கொழுப்பும் நார்த்திசுவும் சேரச் சேர, படம் வெளுக்கும். முற்றிய நிலையில் எலும்புக் கோடே மறைந்துவிடும். இதை வைத்து ஹெக்மாட் என்ற மருத்துவரின் குழுவினர் 1982-ல் நான்கு படிகள் வகுத்தார்கள். அறிக்கையில் ‘ஹெக்மாட் கிரேடு’ என்று பார்த்தால் இதுதான்.

உங்கள் கணவர் விஷயத்தில் ஸ்கேனின் பெரிய பலம் துடிப்பைப் பிடிப்பது. இ.எம்.ஜி. ஊசி தன் முனையைச் சுற்றியுள்ள சிறு இடத்தை மட்டுமே கேட்கும். ஸ்கேனோ தசையின் அகலமான பரப்பை ஒரே பார்வையில் காட்டும். கருவியை அசைக்காமல் பிடித்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், தசையின் ஒரு மூலை மட்டும் சட்டென்று சுண்டி அடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். தோலுக்கு மேல் தெரியாத ஆழமான துடிப்பும் சிக்கும். தாடைக்கு அடியில் வைத்து நாக்கைக்கூடப் பார்க்கலாம். ஆனால் துடிப்பு தெரிந்ததும் பயந்துவிடாதீர்கள்: நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும், முக்கியமாகக் கெண்டைக்காலில், அது வரும். பல தசைகளில் மெலிவும் பலவீனமும் சேர்ந்து வந்தால்தான் தீவிரமாக எடுத்துக்கொள்வோம்.

சரி, ஊசி ஏன்? நரம்புத் தொடர்பு அறுந்த தசை இழை தனக்குள் எழுப்பும் நுண்ணிய மின் அதிர்வு வழக்கமான ஸ்கேனில் தெரியாது. இ.எம்.ஜி.யில் தெரியும். அதோடு செய்யும் நரம்புக் கடத்தல் சோதனையை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஊசி தேவையில்லை, தோலின் மேல் சிறு மின் அதிர்ச்சிதான். கை மெலிந்து துடிக்கும் சிலருக்கு ‘மல்டிஃபோக்கல் மோட்டார் நியூரோபதி’ இருக்கும்; தசையை இயக்கும் நரம்புகளை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் நோய் இது. தசையை இயக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். நோய் போலவே தோன்றினாலும், இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படக்கூடியது. இதைத் தவறவிட்டால், சரிசெய்ய முடிந்த பலவீனத்தை வளர விட்டதாகிவிடும்.

ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆரம்பத்தில் தசை வெளுத்திருக்காது. வயது கூடினாலே தசை கொஞ்சம் வெளுக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஸ்கேனுக்குத் தளர்வான உடை போதும். முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். கருவியைச் சாய்த்தால் நல்ல தசையும் நிறம் மாறித் தெரியும், அழுத்தினால் மெலிந்ததாகத் தெரியும். அதனால் தசை ஸ்கேனில் பழகிய கை செய்வது முக்கியம். இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி எடுக்க நேர்ந்தால் அதே இயந்திரத்தில், அதே அமைப்பில் எடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், இ.எம்.ஜி.க்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஊசிப் பயத்தையும் அப்போதே சொன்னால், தேவையான தசைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இடையில் நிறுத்தி நிறுத்திச் செய்வார்கள்.