"சிலந்தி ஏன் செத்துப்போச்சு?": விலங்குத் தோழர்கள் பற்றிக் கேள்வி பதில்

எங்கள் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன நூலகம் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டமாக உட்கார்ந்து கதை வாசிப்போம். மனிதரும் விலங்கும் சிநேகமாகிற சிறார் கதைகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

என் மகளுக்கு எட்டு வயது. 'சார்லட்'ஸ் வெப்' வாசித்துக் காட்டினேன். சிலந்தி செத்ததும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த மாதிரிப் புத்தகங்களைத் தள்ளிவைக்கட்டுமா? (ஒரு அம்மா, மதுரை)

வேண்டாம். அழட்டும். அந்தப் புத்தகத்துக்குப் பின்னாலேயே ஒரு துக்கம் இருக்கிறது. அதை எழுதிய ஈ. பி. ஒயிட்டுக்கு அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பண்ணை இருந்தது. அங்கே வளர்ந்த பன்றி ஒன்றுக்கு நோய் வந்துவிட்டது. குளிர்காலத்தில் அறுப்பதற்காகவே வளர்த்த பன்றிதான். ஆனாலும் தூக்கம் கெட்டு வைத்தியம் பார்த்தார், பிழைக்கவில்லை. 1948இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1952இல் வந்த இந்தக் கதையில் பன்றி பிழைத்துக்கொள்கிறது, சிலந்தி செத்துப்போகிறது.

அந்தச் சிலந்தியும் சும்மா வந்துவிடவில்லை. தொழுவத்தில் ஒரு சிலந்தி முட்டைப் பை கட்டுவதைப் பார்த்தவர், பையைப் பத்திரமாக எடுத்து மிட்டாய்ப் பெட்டியில் போட்டு நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நாளில் குஞ்சுகள் பெட்டியின் ஓட்டை வழியாக வெளியே வந்து, அவருடைய சீப்பிலிருந்து கண்ணாடிக்கு, கண்ணாடியிலிருந்து நகம் வெட்டும் கத்தரிக்கு என்று நூல் இழுத்துவிட்டன. துரத்தாமல் வேடிக்கை பார்த்தாராம்.

பிற்காலத்தில் ஒலிப்பதிவுக்காக இதே கதையை அவரே வாசித்தபோது, சிலந்தி சார்லட் சாகும் இடத்தைத் தாண்ட 17 முறை வாசிக்க வேண்டியிருந்தது என்பார்கள். எழுதியவருக்கே அந்த நிலைமை. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாததில் என்ன தப்பு?

ஒன்று மட்டும் செய்யுங்கள். சாவோடு புத்தகத்தை மூடிவிட்டு விளக்கை அணைக்காதீர்கள். இன்னும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. சார்லட் விட்டுப்போன முட்டைகள் 514. பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை காற்றில் மிதந்து போய்விடும். மூன்று மட்டும் பன்றி வில்பரோடு தங்கும். அன்றைக்கு ராத்திரியே அதையும் வாசித்துவிடுங்கள்.

அதே புத்தகம். ஃபெர்ன் ஏன் வில்பரைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டாள்? அவள் மோசமா? (பத்து வயது வாசகி)

நல்ல கேள்வி கேட்டாய். பெரியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. முதல் அத்தியாயத்தில், குட்டிப் பன்றியைக் கொல்ல விடாமல் அப்பா கையிலிருக்கும் கோடரியைப் பிடித்து இழுத்துச் சண்டை போடுகிறவள் அவள். அப்புறம் முக்காலியில் உட்கார்ந்து தொழுவத்துப் பேச்சையெல்லாம் கேட்பாள். ஆனால் பார்த்தாயா, அவளுக்குக் கேட்கிறதே தவிர, அந்த விலங்குகள் ஒருமுறைகூட அவளோடு நேராகப் பேசுவதில்லை. அவள் பக்கத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். கடைசியில் சந்தையில் ராட்டினத்தில் ஹென்றி என்ற பையனோடு சுற்றியதுதான் அவள் நினைப்பில் நிற்கிறது. மோசம் ஒன்றும் இல்லை, வளர்ந்துவிட்டாள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது.

சில கதைகளில் விலங்கு பேசுகிறது, சிலவற்றில் பேசுவதில்லை. எது சரி? வகுப்பில் பிள்ளைகள் "குதிரை எப்படி டீச்சர் பேசும்" என்று மடக்குகிறார்கள். (தொடக்கப்பள்ளி ஆசிரியர்)

யாரிடம் பேசுகிறது என்று திருப்பிக் கேளுங்கள். 1877இல் அன்னா சூவல் எழுதிய 'பிளாக் பியூட்டி'யில் குதிரைதான் முழுக்கதையும் சொல்கிறது. ஆனால் நம்மிடம் சொல்கிறதே ஒழிய, வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது. வலிக்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது. கதையின் வேதனையே அதுதான். முதல் பதிப்பின் முகப்பிலேயே, குதிரை மொழியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது என்று குறும்பாகப் போட்டிருந்தார்கள்.

சூவல் அதைப் பிள்ளைகளுக்காக எழுதவில்லை. குதிரையோடு வேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டும் என்று எழுதினார். 14 வயதில் கால் அடிபட்டு, அதன் பிறகு ஆயுள் முழுக்க நடப்பதே அவருக்குச் சிரமம். எங்கே போவதென்றாலும் குதிரை வண்டிதான். அப்போது பணக்காரர்களின் வண்டிக் குதிரைகளுக்குத் தலையைத் தாழ்த்த விடாமல் ஒரு வாரைப் பின்னால் இழுத்துக் கட்டுவார்கள். பார்க்க மிடுக்காக இருக்கும். மேடு ஏறும்போது குதிரை கழுத்தை முன்னால் நீட்டித்தானே பாரம் இழுக்கும்? அது முடியாமல் போகும். வகுப்பில் நான் இதை விளக்குவதில்லை. ஒரு பையனை நிற்கவைத்து, அண்ணாந்து கூரையைப் பார்த்தபடியே புத்தக மூட்டையை இழுத்துக்கொண்டு வரச் சொல்வேன். நாலு அடி வைப்பதற்குள் புரிந்துவிடும்.

புத்தகம் வந்து சில மாதங்களிலேயே, 1878இல், சூவல் காலமானார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மைனாக் குஞ்சு விழுந்து கிடந்தது. கதையில் வருகிற மாதிரி வளர்க்கலாமா? (ஏழாம் வகுப்பு மாணவன்)

கூடு தெரிந்தால் திரும்ப அதிலேயே வைத்துவிடு. இறகு முளைத்த குஞ்சு என்றால் பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு, தூரத்திலிருந்து பார். தாய் வரும். கிளி, மைனா மாதிரி நம் ஊர்க் காட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பதை 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை.

இன்னும் கொஞ்சம் பெரியவனானதும் 'தி இயர்லிங்' படி. 1938இல் மார்ஜரி கின்னன் ராலிங்ஸ் எழுதியது. ஃபுளோரிடாவின் புதர்க்காட்டில் ஜோடி என்ற பையன் தாயில்லாத மான்குட்டியை வளர்க்கிறான். அப்பாவைப் பாம்பு கடித்தபோது விஷத்தை உறிஞ்ச ஈரல் வேண்டும் என்று அவர் சுட்ட மானின் குட்டி அது. குட்டி வளர்கிறது, வீட்டுக்குச் சோறு போடும் சோளப் பயிரைத் தின்ன ஆரம்பிக்கிறது. வேலி போட்டால் தாண்டுகிறது. அப்புறம் என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன்.

இந்தியக் கதை எதுவும் இல்லையா? எல்லாம் வெளிநாட்டுப் பண்ணையாகவே இருக்கிறதே. (கல்லூரி மாணவி)

நியாயமான சலிப்பு. கல்கத்தா பக்கம் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தன் கோபால் முகர்ஜி எழுதிய 'கே-நெக்' 1928இல் சிறார் நூலுக்கான அமெரிக்காவின் நியூபெரி விருதை வாங்கியது. கல்கத்தாவில் ஒரு பையன் வளர்க்கும் புறா, முதல் உலகப்போரில் பிரான்சுக்குத் தூது போகிறது. உயிரோடு திரும்பி வருகிறது, ஆனால் பயத்தில் பறக்க மறுக்கிறது. காயம் ஆறிய பிறகும் இறக்கை விரியவில்லை என்றால் என்ன செய்வது? கடைசி அத்தியாயங்கள் அதைப் பற்றித்தான்.

அந்தப் புறாவுக்குப் பெயர் சித்ரக்ரீவன். பஞ்சதந்திரம் படித்தவர்களுக்கு உடனே பொறி தட்டும். வேடன் வலையோடு கூட்டத்தைத் தூக்கிக்கொண்டு பறக்கச் சொன்ன புறா ராஜாவின் பெயர் அது. ஆனால் பஞ்சதந்திரத்தில் எலி, காகம், ஆமை, மான் என்று விலங்குகளுக்குள்தான் சிநேகம். மனிதன் வந்தால் வலையோடு வருவான். பழைய பெயரை வைத்துக்கொண்டு புறாவைப் பையனின் தோளில் உட்கார வைத்தாரே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

தமிழில் மா. கமலவேலனின் 'அந்தோணியின் ஆட்டுக்குட்டி' தேடிப் பாருங்கள். 2010இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது.

ஒரு சிறுமிக்கும் அவள் வீட்டுக் காளைக்குமான கதை எழுதுகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? (எழுத்தாளர், புதுக்கோட்டை)

முதலில் காளை என்ன தின்கிறது என்று எழுதுங்கள். எனக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளில் பாதியில் மாடு எதையும் தின்பதில்லை, சாணி போடுவதில்லை. பாப்பாவைப் பார்த்துக் கண்ணீர் மட்டும் விடுகிறது. பருத்திக்கொட்டையை யார் ஆட்டுகிறார்கள்? அந்த மாசம் புண்ணாக்கு வாங்கக் காசு இருந்ததா? காளை கையை நக்கினால் நாக்கு சொரசொரவென்று இருக்கும். அது பாசத்தால் நக்கியதா, வியர்வை உப்புக்காகவா என்று அவளுக்கே சந்தேகம் வரட்டும். மூக்கணாங்கயிறு போட்ட அன்றைக்கு அவள் எங்கே இருந்தாள்? பிடித்துக்கொண்டு நின்றவர்களில் அவளும் ஒருத்தியா? அங்கே ஒரு அத்தியாயம் இருக்கிறது.

இன்னொன்று. கடைசியில் கிணற்றில் விழுந்த அவளைக் காளை காப்பாற்றுவதாக வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நாய், குதிரை, யானை எல்லாம் வருகிறது. பூனை மட்டும் ஏன் உற்ற தோழனாக அவ்வளவாக வருவதில்லை? (பூனை வளர்ப்பவர்)

கூப்பிட்டால் வராது, அதனால்தான். 1902இல் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் எழுதிய ஒரு கதையில் நாயும் குதிரையும் பசுவும் குகைக்காரியிடம் ஒவ்வொன்றாக அடங்கிப்போகும். பூனை மட்டும் பேரம் பேசி, குகைக்குள் உட்காரவும் நெருப்போரம் குளிர்காயவும் நாளுக்கு மூன்று வேளை பால் குடிக்கவும் உரிமை வாங்கிக்கொண்டு, அப்புறமும் தன்பாட்டுக்குத் தனியாகவே திரியும். எங்கள் நூலகத்துப் பூனைக்கும் கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். சனிக்கிழமை யார் புத்தகத்தை விரித்தாலும் சரியாக அந்தப் பக்கத்தின் மேல் வந்து படுத்துக்கொள்ளும்.