தீயணைப்பு வண்டியில் டீசல் கசிவு: ரீகால் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒரு கவுன்ட்டி தீயணைப்புத் துறையின் பட்டறையில் வண்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. எரிபொருள் கசிவுக்காகத் தீயணைப்பு வண்டிகளுக்கு வரும் ரீகால் (குறையுள்ள வண்டியைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு, தெரிந்தவரை சொல்கிறேன்.

தண்ணீர் டேங்கோடு போகும் வண்டி. அதில் நாலு சொட்டு டீசல் ஒழுகினால் என்ன? டீசல் பெட்ரோல் மாதிரிப் பற்றிக்கொள்ளாதே சார்?

தரையில் சிந்திய டீசல் லேசில் பற்றாது, வாஸ்தவம்தான். அதன் ஆவி பற்றுவதற்கே 52 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலுக்கு உறைபனியில்கூட ஆவி கிளம்பிவிடும். ஆனால் கசிவு தரையிலா நடக்கிறது? இன்ஜினுக்குப் பக்கத்தில், புகையின் சூட்டில் கொதிக்கும் டர்போ என்ற பாகத்துக்கு அருகில் நடக்கிறது. அங்கே பொறியே தேவையில்லை. உலோகம் போதுமான அளவு சூடாக இருந்தால் மேலே விழும் டீசல் தானாகவே பற்றும். 2007-க்குப் பிறகு வந்த டீசல் இன்ஜின்களில் புகைக்கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை அது எரித்துத் தள்ளும்போது உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு போகும்.

இன்னொன்று, லாரி ஓடிக்கொண்டே இருக்கும், காற்றுப் படும். தீயணைப்பு வண்டியோ ஒரே இடத்தில் நின்றபடி பம்பை ஓட்டும். முழுச் சுமையில் குறைந்தது இரண்டரை மணி நேரம் பம்ப் ஓடும் அளவுக்கு எரிபொருள் டேங்க் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) தரநிலை. அதாவது இன்ஜின் அறை கொதிக்கக் கொதிக்க அங்கேயே நிற்கும். பம்ப் இயக்குபவர் அதற்கு இரண்டு மூன்றடி தள்ளி நிற்பார். தண்ணீர்க் குழாயின் மறுமுனையில் ஆட்கள் கட்டடத்துக்குள் இருப்பார்கள். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றால் அவர்களுக்குத் தண்ணீர் நின்றுபோகும். எனக்கு நெருப்பைவிட இதுதான் பெரிய பயம்.

பொதுவாக எந்த இடத்தில் கசியும் அண்ணா? நாங்களே பார்க்க முடியுமா?

பார்க்கலாம். நான் பார்த்த கசிவுகளில் பாதிக்கு மேல் பைப் சும்மா வெடித்ததால் வந்தவை இல்லை. எதன்மீதோ உரசி உரசித் தேய்ந்ததால் வந்தவை. போன குளிர்காலத்தில் ஒரு வண்டி வந்தது. ஓட்டுநர் "கேபினில் டீசல் வாடை, ஆனால் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை" என்றார். கேபினைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் காய்ந்த மாதிரிதான் இருந்தது. மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைனைப் பிடித்திருந்த கிளாம்ப்பின் ரப்பர் மட்டும் நழுவி, இரும்பு ஓரம் ஹோஸில் அமர்ந்திருந்தது. கிளாம்ப்பைக் கழற்றியதும் அடியில் பிறைநிலா மாதிரி ஒரு வெட்டு, அதைச் சுற்றி ஈரத் தூசி கறுப்பு மெழுகு போல ஒட்டியிருந்தது. இன்ஜின் ஓடும்போது மட்டும் கசிந்து, சூட்டில் ஆவியாகிப் போயிருக்கிறது. கீழே எப்படிச் சொட்டும்?

ஆகவே சொட்டைத் தேடாதீர்கள், தூசி ஒட்டிய ஈரத்தைத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்த லைன் பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்க்கவே கூடாது. இக்கால இன்ஜின்களில் இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் 2,000 பார் அழுத்தத்தைத் தொடும், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 2,000 மடங்கு. கண்ணுக்குத் தெரியாத பீச்சல்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தினாற்போல்தான் தெரியும், உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். அப்படி நடந்தால் வலி இல்லை என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சோதிக்க நீளமான அட்டைத் துண்டைப் பிடியுங்கள், ஈரமானால் புரிந்துவிடும்.

ரீகால் அறிவிப்பது யார்? வண்டி ஒரு கம்பெனி, இன்ஜின் வேறு கம்பெனி, சேஸி (அடிச்சட்டம்) இன்னொன்று.

யாருடைய பாகத்தில் குறையோ, அல்லது யார் அதைப் பொருத்திய விதத்தில் குறையோ, அவர். இன்ஜின் கம்பெனி தந்த பைப் சரியாக இருந்து, வண்டி கட்டியவர் அதைக் கூர்மையான பிராக்கெட் வழியாகக் கொண்டுபோயிருந்தால் பொறுப்பு கட்டியவருடையது. பாதுகாப்புக் குறை என்று தெளிந்த 5 வேலை நாளுக்குள் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் அவர் அறிக்கை தர வேண்டும். 'நிட்ஸா' என்று இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். அப்புறம் 60 நாளுக்குள் உரிமையாளருக்குக் கடிதம். யாராவது காயப்பட்ட பிறகுதான் ரீகால் என்று நினைக்காதீர்கள். ஒரு விபத்துகூட நடக்காமல் வரும் ரீகால்கள் ஏராளம்.

நாங்கள் சின்ன ஊர் தன்னார்வத் தீயணைப்புக் குழு. வண்டி ஒரு நகரத்திலிருந்து பழையதாக வாங்கியது. கடிதம் எதுவும் வரவில்லை. நிட்ஸா தளத்தில் வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) போட்டுப் பார்த்தேன், 'ரீகால் இல்லை' என்றது. நிம்மதியாக இருக்கலாமா?

கூடாது. இன்றைக்கு வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வின் தேடல் வசதியை எல்லாத் தயாரிப்பாளர்களும் தந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆண்டுக்கு 25,000-க்கு மேல் இலகு ரக வாகனம் செய்பவர்களுக்கும், 5,000-க்கு மேல் மோட்டார் சைக்கிள் செய்பவர்களுக்கும்தான் அந்தக் கட்டாயம். தீயணைப்பு வண்டி கட்டுபவர் எந்தக் காலத்தில் அந்த எண்ணிக்கையைத் தொடப் போகிறார்? சிறிய தயாரிப்பாளர்களின் ரீகால்கள் இந்தத் தேடலில் வராமல் போகலாம் என்று நிட்ஸாவே சொல்லியிருக்கிறது. எனவே அந்தப் பதிலை 'இங்கே பதிவு இல்லை' என்று மட்டும் படியுங்கள்.

கடிதமும் அப்படித்தான். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். வண்டி கை மாறியது கட்டியவருக்குத் தெரியாவிட்டால், கடிதம் பழைய நகரத்தின் கொள்முதல் அலுவலக மேசையில் கிடக்கும். அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள். பழைய வண்டிகள் பெரும்பாலும் போய்ச் சேருவது அவர்களிடம்தான். ரீகால் தாள் மட்டும் போய்ச் சேருவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வண்டியின் தகட்டில் வின் நம்பரோடு கட்டியவரின் 'ஜாப் நம்பர்' இருக்கும். அதை எடுத்துக்கொண்டு கட்டிய கம்பெனிக்கும், இன்ஜின் நம்பரோடு இன்ஜின் கம்பெனிக்கும், சேஸி தனி என்றால் அவர்களுக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். முடிக்காத ரீகால் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே உங்கள் பெயரை உரிமையாளராகப் பதியச் சொல்லுங்கள். நிட்ஸா தளத்தில் வின் நம்பருக்குப் பதில் கட்டியவர், மாடல், ஆண்டு கொடுத்தும் தேடலாம். 24V என்று தொடங்கும் எண் வந்தால் 2024-ஆம் ஆண்டின் வாகன ரீகால் என்று அர்த்தம். நடுவில் E இருந்தால் அது உதிரிபாகத்துக்கு.

எங்கள் வண்டிக்கு வயது 18. இலவசமாகச் செய்து தருவார்களா?

முதல் உரிமையாளர் வாங்கியதிலிருந்து 15 ஆண்டுக்குள் ரீகால் வந்தால்தான் இலவசம் கட்டாயம். 2015 வரை இந்தக் கெடு 10 ஆண்டாகத்தான் இருந்தது. தீயணைப்பு வண்டி 20, 25 ஆண்டு உழைக்கும் என்பதைப் பார்த்தால் 15-ம் போதாது, என் கருத்து இது. சில கம்பெனிகள் தாமாகவே செய்து தருவதுண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடிதம் வருவதற்கு முன்பே எங்கள் காசில் மாற்றிவிட்டோமே?

பில் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள். முன்பே செலவழித்தவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாட்டையும் ரீகாலோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி.

கடிதம் வந்துவிட்டது, 'பாகம் தயாரானதும் தெரிவிக்கிறோம்' என்கிறார்கள். எங்களிடம் இருப்பதே ஒரு வண்டி. நிறுத்திவிடவா?

கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். ஓட்டாதே என்று இருந்தால் பேச்சே இல்லை, பக்கத்து ஊரிடம் இரவல் கேளுங்கள். சோதித்துவிட்டு ஓட்டலாம் என்று இருந்தால், ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். பம்ப் ஓட்டி முடித்ததும் இன்னொரு முறை. புதிது வாங்கலாம் என்றால் ஒரு பம்ப் வண்டியே பத்து லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது, கைக்கு வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது. உங்கள் தவிப்பு புரிகிறது.

கசிவை மூன்று படியாகப் பிரிப்பது எங்கள் பட்டறை வழக்கம்: ஈரம் மட்டும், சொட்டாகத் திரண்டும் விழாதது, விழுவது. ஆயில் என்றால் முதல் படியை எழுதி வைத்துவிட்டு வண்டியை அனுப்புவேன். டீசல் என்றால் ஈரம் தெரிந்தாலே சாவி என் சட்டைப் பையில்.

ஃபோர்டு பின்டோ கார் விவகாரத்துக்கு அப்புறமும் டேங்குக்குச் சரியான சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1978-இல் சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், பின்னால் மோதினால் டேங்க் கிழிகிறது என்று. மோதலில் எரிபொருள் சிந்தாமல் இருக்கத் தனித் தரநிலையே உண்டு, எண் 301. ஆனால் அது 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோவுக்குள் அடங்கும் வண்டிகளுக்கும் பள்ளிப் பேருந்துகளுக்கும் மட்டும். தண்ணீரோடு நிற்கும் தீயணைப்பு வண்டி அதைப்போல் நாலு மடங்கு இருக்கும்.

டீசல் வாடை வருகிறது என்று சொன்னால் 'ரொட்டீன்தான் தம்பி' என்கிறார் எங்கள் கேப்டன். என்ன செய்ய?

வாயால் சொல்லாதீர்கள். தினசரி சோதனைத் தாளில் தேதி, நேரம், 'கேபினில் டீசல் வாடை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் நிட்ஸாவுக்கு நீங்களே புகார் கொடுக்கலாம், உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே மாடலுக்கு நாலைந்து ஊரிலிருந்து ஒரே புகார் போனால்தான் யாராவது அந்தக் கிளாம்ப்பைக் கழற்றிப் பார்ப்பார்கள்.