தாத்தாவின் சவரக்கத்திக்குப் புதுப் பிடி போடலாமா?

கேள்வி: தாத்தா பயன்படுத்திய மடக்குச் சவரக்கத்தி ஒன்று பெட்டியில் கிடைத்தது. அலகில் ஷெஃபீல்டு என்ற இங்கிலாந்து ஊரின் முத்திரை தெரிகிறது. அலகு துருப்பிடித்திருக்கிறது, மஞ்சள் நிறப் பிடி வெடித்திருக்கிறது. பிடி யானைத் தந்தம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மரத்தில் புதுப் பிடி செய்து மறுபடி சவரம் செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் எல்லோரையும் போலத் துருவைத் தேய்ப்பதில் தொடங்காதீர்கள். முதலில் பிடியைப் பாருங்கள். துருவுக்கே அதுதான் காரணமாக இருக்கலாம்.

நான் செங்கோட்டைக்காரன். மர வேலை பழக்கம் என்பதால் தென்காசியிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் புனலூரிலிருந்தும் தெரிந்தவர்கள் இப்படிப்பட்ட கத்திகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தந்தம் என்று சொல்லி வருவதில் பெரும்பகுதி செல்லுலாய்டுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தத்துக்கு மாற்றாக வந்த பழைய பிளாஸ்டிக் அது. அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள். ஆகவே கட்டைவிரலால் பிடியைச் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் செல்லுலாய்டு. லென்ஸ் வைத்தும் பார்க்கலாம். தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலை மாதிரித் தெரியும். எலும்பில் கருப்புப் புள்ளிகளும் கீறல்களும் இருக்கும். கோடுகள் அச்சடித்ததுபோல ஒரே சீராக ஓடினால் அது போலி.

செல்லுலாய்டு வயதானால் சிதையும். சிதையும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி அலகைத் தின்னும். மடக்கி வைத்த கத்தியில் பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதி மட்டும் மோசமாக அரித்துப்போயிருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பிடியை அப்படியே விட்டுவிட்டு அலகை மட்டும் பளபளப்பாக்கினால் கொஞ்ச நாளில் துரு திரும்ப வந்துவிடும். பக்கத்தில் வேறு கத்தி இருந்தால் அதையும் கெடுக்கும். கழற்றிய துண்டுகளை நினைவுக்காக வைத்துக்கொள்ள நினைத்தால் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். பூஜை விளக்குப் பக்கம் மட்டும் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும் பொருள் அது. ஒருவேளை உண்மையிலேயே தந்தமாக இருந்துவிட்டால் அது வேறு தலைவலி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்கவோ வாங்கவோ முடியாது, கையில் வைத்திருக்கவும் சான்றிதழ் வேண்டும்.

அடுத்தது அலகு. துருவின் நிறத்தைவிட இடம் முக்கியம். முதுகிலும் நடுவிலும் கரும்புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வெட்டும் வாய் ஓரத்திலேயே குழி விழுந்திருந்தால் தீட்டத் தீட்டப் பொடிந்துகொண்டே வரும். வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். இருந்தால் அந்தக் கத்தியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கலாம், கழுத்தில் வைக்கக் கூடாது. துருவை எடுக்க எண்ணெய் விட்டு வாட்டர் பேப்பரால் கையாலேயே தேய்த்தால் போதும். முத்திரை இருக்கும் இடத்தில் விரலை அடக்குங்கள், எழுத்து ஒருமுறை தேய்ந்தால் போனதுதான். தெருவில் வரும் சாணைக்காரரிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். அரிவாளுக்கு அவர் சரி. சவரக்கத்தியின் வாய் அவ்வளவு மெல்லியது என்பதால் சுற்றும் கல்லில் பட்ட நொடியில் சூடாகி நீலம் பாரிக்கும். 200 டிகிரியைத் தாண்டினால் இரும்பில் ஏற்றிய பதம் இறங்கத் தொடங்கிவிடும்.

இனி புதுப் பிடி. எங்கள் பக்கம் மரத்துக்குக் குறைவில்லை. பழைய கட்டில் கால், கதவுச் சட்டம் என்று ஈட்டி மரம் கிடைத்தால் விடாதீர்கள். பல வருடம் காய்ந்த மரம் முறுக்காது. புளியமரத்தின் வைரம், அதாவது நடுக்கட்டை, கெட்டியானது, கருமையும் உண்டு, யாரும் சீண்டுவதில்லை என்பதால் மலிவு. கருங்காலி அருமையான மரம்தான், ஆனால் கருங்காலி மாலை போடும் மோகம் வந்த பிறகு சாயம் ஏற்றிய கட்டையை எல்லாம் கருங்காலி என்று விற்கிறார்கள். சீவிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். சிரட்டையில் செய்யலாமா என்று கேரளத்து நண்பர்கள் கேட்பதுண்டு. பிடிக்கு ஏறக்குறைய அரை அடி நீளம் நேரான தகடு வேண்டும், சிரட்டையின் வளைவில் அது எங்கே கிடைக்கும்? எருமைக் கொம்பும் நல்ல பொருள்தான். கொதிநீரில் இளக்கி, பலகைக்கு நடுவில் இறுக்கித் தட்டையாக்கலாம். ஆனால் சாரல் காலத்தில் அது மறுபடி வளையப் பார்க்கும், பூச்சியும் வரும். எண்ணெய் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பிடிக்கு மரமே நல்லது.

பிடியை இணைக்கும் பழைய ஆணியின் தலையை அரத்தால் ராவிவிட்டு மெல்லத் தட்டி வெளியே தள்ளுங்கள். பழைய பிடியை அச்சாக வைத்து வரைந்து, இரண்டு தகடுகளையும் இருபக்க டேப்பால் ஒட்டி ஒன்றாகவே வெட்டுங்கள், ஒன்றாகவே துளையிடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஆணி சாயும். தகடு 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். தடித்த பிடி பார்க்க கம்பீரமாக இருக்கும், கையில் எடுத்தால் பின்பாரம் இழுக்கும்.

எல்லோரும் அலட்சியம் செய்வது ஆப்பை. அலகு மாட்டும் முனைக்கு எதிர்முனையில், இரண்டு தகடுகளுக்கும் நடுவில் இருக்கும் சிறு துண்டு அது. ஒரே தடிமனாக வெட்டி வைத்தால் பிடி தொளதொளவென்று ஆகிவிடும், மடக்கிய அலகு பையில் தானாகத் திறக்கும். ஆப்பு கடைசி முனையை நோக்கி மெலிந்து வர வேண்டும். அப்போது தகடுகள் அலகுப் பக்கம் விரியும். அந்த விரிவை ஆணி இறுக்கும்போது வில் போல ஒரு விறைப்பு வரும், அலகைப் பிடித்து நிறுத்துவது அதுதான். மடக்கினால் வாய் எந்தத் தகட்டிலும் உரசாமல் நட்டநடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆப்பை ஒரு மயிரிழை ராவிச் சரிபாருங்கள். பழைய கத்திகளில் ஆப்பு ஈயமாகவும் இருக்கும், அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தொட்டால் கையைக் கழுவுங்கள். இதெல்லாம் சரியாகும்வரை சின்னத் திருகாணியும் நட்டும் போட்டுப் பாருங்கள். அப்புறம்தான் ஆணி.

ஆணிக்கு 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும், வெல்டிங் சாமான் கடையில் கேளுங்கள். இரண்டு பக்கமும் குட்டி வாஷர் போட்டு, ஒரு மில்லிமீட்டர் நீட்டி வெட்டி, தட்டான் சுத்தியலால் ஓரம் ஓரமாகத் தட்டினால் தலை குடை போல விரியும். ஓங்கி அடித்தால் கம்பி உள்ளே வளையும், மரமும் வெடிக்கும்.

தீட்டுவதைத் தனியாகக் கேளுங்கள், அது பெரிய கதை. இப்போதைக்கு: முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிய வேண்டும், கோணத்தை முதுகே பார்த்துக்கொள்ளும். 1000 கிரிட் கல்லில் தொடங்கி 8000, 12000 வரை போக வேண்டும்; எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும். கல்லில் வாய் முன்னால் போகும், தோல் வாரில் முதுகு முன்னால் போகும்.

தயாரான பிறகு உங்களைத் தவிர யாரும் அதில் சவரம் செய்ய வேண்டாம், தம்பியே கேட்டாலும். ஹெபடைடிஸ் பி மாதிரியான நோய்கள் ரத்தத்தில் பரவும். சலூன்களில் பிளேடு மாற்றும் கத்திக்குப் போனதும் இந்தப் பயத்தில்தான். சவரம் முடிந்ததும் அலகைத் துடைத்து, ஆணி இருக்கும் இடுக்கில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஈரம் போகும்வரை திறந்தே வையுங்கள். பாத்ரூம் அலமாரியில் வைக்காதீர்கள்.