ஜிமெயில் கடவுச்சொல்லைத் தண்டர்பேர்ட் அஞ்சல் மென்பொருள் ஏற்கவில்லை, எவல்யூஷன் என்ற இன்னொரு அஞ்சல் மென்பொருளுக்கு மாறலாமா?

மாற வேண்டாம், தண்டர்பேர்டிலேயே சரியாகிவிடும். கடவுச்சொல் சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், பெரும்பாலும் உள்நுழைவு முறை "சாதாரண கடவுச்சொல்" என்று இருக்கும். உங்கள் வழக்கமான ஜிமெயில் கடவுச்சொல்லை அந்த முறையில் கூகுள் இப்போது ஏற்பதில்லை.

1. கணக்கு அமைப்புகளில் சர்வர் பகுதிக்குப் போய் உள்நுழைவு முறையை ஓஆத்2 (OAuth2, கூகுளின் சொந்தப் பக்கத்தில் உள்நுழைந்து அனுமதி தரும் முறை) என்று மாற்றுங்கள். ஐமேப் (IMAP, அஞ்சலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) என்றால் போர்ட் எண் 993.

2. வெளிச்செல்லும் சர்வரிலும் (எஸ்எம்டிபி) அதையே செய்யுங்கள். பலர் மறப்பது இதைத்தான். அஞ்சல் வரும், ஆனால் அனுப்ப முடியாது.

3. சேமித்த பழைய கடவுச்சொல்லை அழித்துவிட்டு மென்பொருளை மூடித் திறவுங்கள். கூகுள் உள்நுழைவுச் சாளரம் வர வேண்டும். வந்தும் பாதியில் நின்றால், தண்டர்பேர்டின் தனியுரிமை அமைப்பில் குக்கீகள் அனுமதிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

அலுவலக எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சேவை) கணக்கும் நாட்காட்டியும் முக்கியம் என்றால் எவல்யூஷன் நல்ல தேர்வுதான், நானே அதைப் பரிந்துரைப்பேன். எக்ஸ்சேஞ்சுடன் இணைக்கும் ஈடபிள்யூஎஸ் (evolution-ews) தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கலாம். ஜிமெயிலுக்காக மட்டும் மாறுவது வீண் அலைச்சல்.

ஒரு எச்சரிக்கை: கணக்கு ஐமேப் வகையா, பாப் (POP, அஞ்சலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) வகையா என்று முதலில் பாருங்கள். பாப் என்றால் பழைய அஞ்சல்கள் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கலாம். தண்டர்பேர்ட் அஞ்சல்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் புரொஃபைல் கோப்புறையை நகலெடுக்காமல் கணக்கை நீக்கிவிடாதீர்கள்.