காக்டெயிலும் கவர் பெல்லட்டும்

கேள்வி: எங்கள் வீட்டுக் காக்டெயில் (cockatiel, கொண்டை வைத்த சிறு கிளி) பறவைக்கு இதுவரை தினையும் சூரியகாந்தி விதையும்தான் தீனி. பெல்லட்டுக்கு, அதாவது சத்துகள் சேர்த்து அரைத்து உருட்டிய தீனிக்கு, மாற்றுங்கள் என்றார் டாக்டர். கடையில் ஒரு கிலோ கேட்டோம். மூட்டையிலிருந்து அள்ளி, கவரில் கட்டிக் கொடுத்தார்கள். பில் இல்லை. பறவை அதைச் சீண்டவே இல்லை. “ரெண்டு நாள் பட்டினி போடுங்க, தானா வழிக்கு வரும்” என்கிறார் கடைக்கார அண்ணாச்சி. செய்யலாமா? பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பட்டினி மட்டும் போட்டுவிடாதீர்கள். காக்டெயிலின் மொத்த எடையே 80 முதல் 100 கிராம்தான். விதையை உரித்தே பழகிய பறவைக்குப் பெல்லட், கிண்ணத்தில் கிடக்கும் கூழாங்கல் மாதிரி. அது தீனி என்றே தெரியாது. பசித்தாலும் தொடாமல் இருந்து சுருண்டுவிடும்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. சூரியகாந்தி விதையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. வைட்டமின் ஏ-யும் கால்சியமும் மிகக் குறைவு.

பெல்லட்டுக்கு முன்னால் வாங்கியிருக்க வேண்டியது, 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. காலையில் எச்சம் போட்டபின், தீனி வைக்குமுன் நிறுத்துக் காலண்டரில் குறியுங்கள். 90 கிராம் பறவை 85-க்கு இறங்கினால் மாற்றத்தை ஒரு படி பின்வாங்குங்கள். 81-ஐத் தொட்டால் பழைய தீனிக்கே திரும்பி, டாக்டரிடம் காட்டுங்கள். திருநெல்வேலி அருகே ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.

முதல் வாரம் பெல்லட்டை மிக்ஸியில் பொடித்து, மூன்று டீஸ்பூன் விதைக்கு அரை டீஸ்பூன் பொடி போட்டு, ஒட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். விதையை உரிக்கும்போது பொடி நாக்கில் படும், ருசி பழகும். நம்மூர் வெயிலில் ஈரத்தீனி சீக்கிரம் புளித்துவிடும், இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். அடுத்த கட்டத்தில் மூன்று பங்கு விதைக்கு ஒரு பங்கு நொறுக்கிய பெல்லட். அதற்குப் பிறகு காலையும் மாலையும் அரை மணி நேரம் விதை, பகலில் பெல்லட் மட்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம், பிடிவாதக்காரப் பறவைக்கு இன்னும் கூடும். காக்டெயிலுக்கு முழுக்கப் பெல்லட் தேவையில்லை. பாதிக்குச் சற்று மேல் போதும். மீதிக்கு விதை, முருங்கைக்கீரை, துருவிய கேரட், மஞ்சள் பூசணி. கீரையை அலசி, ஈரத்தோடு கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் விளையாட்டாகவே கொத்தும். மிக்சர், சாக்லேட், வெங்காயம், அவகேடோ எதுவும் கூடாது.

கிண்ணத்தை நம்பாதீர்கள். நிறைந்து தெரியும், ஊதினால் எல்லாம் உமி. பெல்லட் தூளாகக் கீழே கிடந்தாலும் தின்றதாகக் கணக்கில்லை. எச்சம் பழுப்பாக மாறினால் பெல்லட் உள்ளே போகிறது. கரும்பச்சையாக, கொஞ்சமாகப் போட்டால் வயிறு காலி. இறகு உதிர்க்கும்போதும் அக்னி நட்சத்திரத்திலும் மாற்றத்தைத் தொடங்க வேண்டாம். பெல்லட் தின்னத் தொடங்கியபின், டாக்டர் சொல்லாமல் தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடுவதும் வேண்டாம். வைட்டமின் மிகுந்தாலும் கெடுதல்தான்.

இனி பணம். பறவை தின்னவில்லை என்பது பொருளின் குறைபாடு ஆகாது. அதைச் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் மசியமாட்டார். கேட்க வேண்டியது வேறு. பில் கேட்டும் தராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குத் தமிழிலேயே பேசிப் புகார் தரலாம். ஆனால் கவரில் தேதியும் இல்லை, கையில் பில்லும் இல்லை என்றால் எதை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று காட்டுவது பெரும்பாடு.

இந்தக் கவரையும் பறவைக்குப் போடாதீர்கள். பிரித்த மூட்டையில் வைட்டமின் குறைந்துகொண்டே போகும், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், தயாரித்த மாதம், நிகர எடை, எம்.ஆர்.பி. அச்சிட்ட சீல் பாக்கெட்டாகக் கேளுங்கள். ஒரு காக்டெயில் நாளுக்கு 10 முதல் 15 கிராம்தான் தின்னும், அதிலும் பாதிதான் பெல்லட். அரைக்கிலோ பாக்கெட்டே தாராளம். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கான பெரிய உருண்டை வேண்டாம். சிறு உருண்டை ரகம் வாங்குங்கள். வண்ணப் பெல்லட்டில் பிடித்த நிறத்தைப் பொறுக்கிவிட்டு மற்றதை உதறும், எச்சமும் நிறம் மாறிக் குழப்பும். பழுப்பு நிறமே மேல்.

கேள்வி: பச்சைக்கிளிக்கும் இதே முறைதானா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பதே 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டைத் திறந்து விட்டுவிடவும் வேண்டாம். கூண்டில் வளர்ந்தது இரை தேடத் தெரியாமல் தவிக்கும். பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.