நீச்சல் குளத்து நீரில் கால்சியம்: அளப்பதும் புரிந்துகொள்வதும்

கேள்வி: பல்லடத்துக்கு அருகில் எங்கள் தோட்டத்து வீட்டில் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.25 மீட்டர் ஆழமும் கொண்ட சிமெண்ட் நீச்சல் குளம் கட்டி ஆறு மாதமாகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் விடுகிறோம். நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸில் வெள்ளையாக உப்புப் படிகிறது. சோதனைப் பட்டை கடினத்தன்மையை உச்ச அளவில் காட்டுகிறது. சொட்டுச் சோதனையிலோ நிறம் நீலமாகாமல் ஊதாவிலேயே நின்றுவிடுகிறது. குளத்தைப் பராமரிப்பவர் தண்ணீர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: முழுவதையும் மாற்ற வேண்டாம். அதே கிணற்று நீரை மறுபடி நிரப்பினால் இன்னும் ஆறு மாதத்தில் இதே கேள்வியோடு நிற்பீர்கள். முதலில் அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். குளத்து நீரை மட்டுமல்ல, அதில் விடும் கிணற்று நீரையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சோதனைப் பட்டை காட்டுவது மொத்தக் கடினத்தன்மையை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவை. டைல்ஸில் படிவது கால்சியம் கார்பனேட் என்பதால், நமக்கு வேண்டியது கால்சியத்தின் தனி அளவு. சொட்டுச் சோதனை அதைத்தான் தருகிறது. முழங்கை ஆழத்தில் எடுத்த 25 மில்லி நீரில் முதலில் விடும் கரைசலில் காஸ்டிக் சோடா இருக்கிறது. அது நீரின் பிஎச் அளவை 12-க்கு மேல் ஏற்றி, மக்னீசியத்தை வெண்துகளாகப் பிரித்துவிடுகிறது. பிறகு நிறங்காட்டியைச் சேர்த்தால், கரைந்திருக்கும் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு நீர் இளஞ்சிவப்பாகிறது. அடுத்து ஒவ்வொரு சொட்டாக விடும் இ.டி.டி.ஏ. கரைசல் அந்தக் கால்சியத்தைத் தன்வசம் இழுத்துக்கொள்ள, கடைசித் துளி கால்சியமும் போனதும் நிறம் நீலமாக மாறுகிறது. பெரும்பாலான கிட்களில், 25 மில்லி நீருக்கு ஒரு சொட்டு 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) என்று கணக்கு.

உங்களுக்கு ஊதாவில் நின்றதற்குப் பெரும்பாலும் செம்புதான் காரணமாக இருக்கும். பாசிக்காக மயில்துத்தமோ செம்பு கலந்த பாசிக்கொல்லியோ போட்டிருக்கிறீர்களா என்று பராமரிப்பவரைக் கேளுங்கள். செம்பு நிறங்காட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும். மறுமுறை சோதிக்கும்போது, இ.டி.டி.ஏ. கரைசலில் ஐந்தாறு சொட்டுகளை முதலிலேயே விட்டுவிட்டு, அதன் பிறகு மற்றவற்றைச் சேருங்கள். முதலில் விட்ட சொட்டுகளையும் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது. மக்னீசியம் மிகுந்த நீரிலும் இந்தத் தடுமாற்றம் வரும். அப்போது 10 மில்லி குளத்து நீரோடு 15 மில்லி டிஸ்டில்டு வாட்டரைக் கலந்து சோதித்து, சொட்டுக்கு 25 பிபிஎம் என்று பெருக்கிக்கொள்ளலாம்.

ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பவர்கள் ஓரிடத்தில் ஏமாறுகிறார்கள். அங்கே தரும் அறிக்கையில் கால்சியம் தனிமமாகவே குறிக்கப்பட்டிருக்கலாம். குளத்துக்கான அளவுகளோ கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்லப்படுபவை. ஆகவே அறிக்கையில் உள்ள எண்ணை 2.5-ஆல் பெருக்க வேண்டும். 160 என்று இருந்தால் குளத்துக் கணக்கில் அது 400.

சிமெண்ட் குளத்துக்கு 200 முதல் 400 பிபிஎம் வரை இருப்பது நல்லது. உங்கள் கொங்கு வட்டாரத்தில் மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சிமெண்ட் ஆலைகள் வந்ததே சுண்ணாம்புக்கல் இருப்பதால்தான். உழும்போது கிளம்பும் சுக்கான்கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான். அப்படிப்பட்ட நிலத்தின் ஆழ்துளை நீரில் கால்சியம் மிகுந்திருப்பதில் வியப்பில்லை. (சிறுவாணி நீரை விடுபவர்களுக்குச் சிக்கல் நேர்மாறானது: கால்சியம் போதாத நீர் சிமெண்ட் பூச்சையே அரித்துத் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் என்பதால், அவர்கள் கால்சியம் குளோரைடு சேர்க்க வேண்டியிருக்கும்.)

அளவு ஏறிக்கொண்டே போவதற்குக் காரணம் ஆவியாதல். உங்கள் குளத்தின் கொள்ளளவு 40,000 லிட்டர், பரப்பு 32 சதுர மீட்டர். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாக வைத்துக்கொண்டால் 160 லிட்டர் நீர் போகிறது. அதிலிருந்த கால்சியம் குளத்திலேயே தங்கிவிடுகிறது. ஈடுசெய்ய விடும் கிணற்று நீரில் 500 பிபிஎம் இருந்தால், அதன் வழியாக நாளுக்கு 80 கிராம் புதிதாகச் சேர்கிறது. மாதத்துக்கு இது 60 பிபிஎம் உயர்வு. ப்ளீச்சிங் பவுடர் போடுபவரானால் அதிலுள்ள கால்சியமும் கூடவே சேரும்; ஆகவே திரவக் குளோரினுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஆசிட் விட்டால் கால்சியம் குறைந்துவிடும் என்பது தவறான எண்ணம். உப்புத் தண்ணீர் உள்ள வீடுகளில் இட்லிப் பானையின் அடியில் ஒரு துண்டு புளி போடுவார்கள். புளியின் அமிலத்தால் உப்பு பானையில் ஒட்டாமல் நீரிலேயே கரைந்து நிற்கிறதே தவிர, எங்கும் போய்விடுவதில்லை. குளத்திலும் அப்படியே. ஆனால் அதுவே பெரிய உதவி: பிஎச் அளவை 7.2 முதல் 7.4 வரையிலும், காரத்தன்மையை (நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் போன்றவற்றின் அளவை) 80 பிபிஎம் அளவிலும் வைத்துக்கொண்டால், கால்சியம் 500, 600 இருந்தாலும் படிவைப் பெருமளவு தவிர்க்கலாம். சோலார் ஹீட்டர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. கால்சியம் கார்பனேட் சூடான நீரில்தான் எளிதாகப் படியும்.

உண்மையில் குறைக்க வேண்டுமானால் பகுதி பகுதியாக நீரை மாற்றுவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. சோதனையில் 800 வந்தால், பாதி நீரை வெளியேற்றி 50 பிபிஎம் உள்ள மென்னீரை நிரப்பினால் 425-க்கு வரும். அந்த மென்னீருக்கு லாரியை நம்புவதைவிட ஐப்பசி மழையை நம்பலாம் என்பது என் எண்ணம்: 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,000 லிட்டர் கிடைக்கிறது, அதில் கால்சியம் அநேகமாக இல்லை. முதலில் வரும் அழுக்கு நீரை மட்டும் விலக்கிவிடுங்கள். குளத்தை எப்போதும் முழுக்கக் காலி செய்யாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீரின் அழுத்தம் காலிக் குளத்தை மேலே தூக்கிவிடக்கூடும், கோடையில் வெயில் பட்டுப் பூச்சு வெடிக்கும்.

டைல்ஸில் ஏற்கெனவே படிந்ததை நீர்மட்டத்தைச் சற்று இறக்கிவிட்டு, வினிகரைத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். கடையில் விற்கும் கடும் ஆசிட் வேண்டாம். அது படிவோடு டைல்ஸ் இடுக்கில் உள்ள சிமெண்டையும் கரைத்துவிடும்.